எந்தக் கால், சேர்?

மேடையில் அவருக்குப் பக்கத்தில்தான் எனக்குக் கதிரை போட்டிருந்தார்கள். நான் அதை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சபையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சென்ற மாதம் கண்டி நகரில் நடந்த ஒரு செயலமர்வு அது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கும் இளம் பயிற்சியாளர்களுக்காக நடத்தினார்கள். நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவை இப்போது பொறுப்பாகப் பார்க்கும் நஸ்ரின், நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடுவதாக இல்லை. திகனயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். என்னோடு பல வருடம் வேலை செய்தவள். "மிஸ், நீங்க கட்டாயம் வரணும். பெரிசா ஒண்டும் பேசத் தேவல்ல. உங்கட அனுபவத்த கொஞ்சம் சொன்னாப் போதும்" என்றாள். சரி என்றேன். அன்றைக்கே அழைப்பிதழை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்.

அழைப்பிதழில் ஒரு பிள்ளை ஓடுகிறது. காலுக்குக் கீழே நெருப்பு எரிகிறது. மேலே கொட்டை எழுத்தில் 'உன் எல்லையை உடை!' என்று போட்டிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடை என்று கத்துவதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. உடைந்தவற்றோடு மல்லுக்கட்டியே என் வேலைக்காலம் முழுவதும் போனது. கீழே பிரதான வளவாளர், அதாவது முக்கியப் பேச்சாளர், என்று ஒரு பெயர் இருந்தது. மனோகரன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அவரேதான்.

அன்று மேடையில் அவர் என்ன சொன்னார், நான் என்ன கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் தமயந்தி என்ற பிள்ளையைப் பற்றியும், என் மேலதிகாரியாக இருந்த இரத்நாயக்க மேடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த இருவரையும் தெரியாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

என் பெயர் பிலோமினா. அப்பா நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார். கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன், கொழும்பில் பயிற்சி எடுத்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்களைப் பாராமல் ஒப்பித்தோம், ஹொஸ்டல் பருப்பைத் திட்டிக்கொண்டே தின்றோம், சோதனையில் தேறினோம். இந்த வேலை என்னவென்று எனக்கு உண்மையில் தெரியவந்தது கண்டியில் ஓர் அரச ஆஸ்பத்திரிக்கு நியமனம் கிடைத்து வந்த பிறகுதான்.

கண்டியில் எந்தக் கட்டடம் சமதரையில் இருக்கிறது? எங்கள் பிரிவும் சரிவில்தான் இருந்தது. பிரதான கட்டடத்திலிருந்து படி இறங்கி வரவேண்டும். காலும் முதுகும் சரியில்லாத சனங்களைப் படி இறங்க வைக்கிற இடத்தில் இதைக் கட்டிய புத்திசாலி யாரென்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். மேடம் திட்டவில்லை. தன் மேசையைத் திருப்பி, படிகளைப் பார்க்கிற மாதிரிப் போட்டுக்கொண்டார்.

பிந்தி வருகிறவர்களைப் பிடிக்கத்தான் மனுஷி அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று வந்த புதிதில் நாங்கள் பயந்தோம். பிறகுதான் விஷயம் விளங்கியது. நோயாளி இறங்கி வருவதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கை கம்பியைப் பிடிக்கிறது, எந்தப் பாதம் படியில் நிற்கப் பயப்படுகிறது, முகம் எப்போது சுருங்குகிறது என்று பார்ப்பார். வருகிறவர் கதிரையில் உட்காருவதற்குள் மேடத்துக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கும்.

"கால் வலியாம் மேடம்" என்று யாராவது போய் நின்றால் அவர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்.

"எந்தக் கால்?"

அதற்குப் பதில் தெரியாமல் முழித்தால் தொலைந்தோம். "கால் என்று பொதுவாக ஒன்று இந்த உலகத்தில் இல்லை. இடது இருக்கிறது, வலது இருக்கிறது. போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசு" என்பார் சிங்களத்தில். ஒரு தடவை பெரிய டொக்டர் ஒருவரையே அப்படிக் கேட்டு, அவர் சிரித்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடுகிற பிள்ளைகளின் முன்கால் வலிக்கு மேடத்திடம் ஒரு முறை இருந்தது. முழங்காலுக்குக் கீழே தொடங்கி, எலும்பின் உள்விளிம்பு வழியாக ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே கணுக்கால் வரைக்கும் வருவார். அவசரமே இருக்காது. கண் பிள்ளையின் முகத்தில்தான் இருக்கும். கையகலத்துக்குப் பரவலாக நொந்தால், அது தசையும் எலும்பைப் போர்த்திய சவ்வும் களைத்த வலி. ஓட்டத்தைக் குறைத்தால் ஆறிவிடும். மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, விரல்நுனி அளவுள்ள ஒரே இடத்தில் சுள்ளென்று பிள்ளை துள்ளினால், மேடம் உடனே விரலை எடுத்துவிடுவார். எலும்பே விரிசல் விடப் பார்க்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை ஒரு தடவைகூடக் குதிக்கச் சொல்லமாட்டார்.

அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் உடம்பைப் பற்றியது. மடக்கு, நீட்டு, நோவுதா, பொய் சொல்லாதே. இவ்வளவுதான். இதற்கு மேல் வேண்டுமானால் 'டிக்கக்' என்பார். சிங்களத்தில் கொஞ்சம் என்று அர்த்தம். கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் சேர்த்து, நடுவில் ஒரு அரிசி நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுக் காட்டுவார். இந்தக் கிழமை செய்ததைவிட அடுத்த கிழமை டிக்கக். அது ஒத்துக்கொண்டால் மறுபடியும் டிக்கக். இடையில் ஒரு கிழமை குறைத்து, காலுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவேண்டும். இலக்கு என்பது அவருக்கு இவ்வளவுதான். இதைக் கேட்கிற பொறுமை நம் பாடசாலைகளுக்கு எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணை தொடங்கியதும் எங்கள் படிகளில் பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வரத் தொடங்குவார்கள். பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரித்து ஓடவிடும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்துவிட்டது என்று அதிலேயே தெரியும். போன வருடக் கடைசியில் பரீட்சை, டியூஷன் என்று மாதக்கணக்கில் கதிரையில் உட்காரவைத்த அதே பிள்ளைகளை, தை மாதம் பிறந்ததும் விடியக் காலையில் எழுப்பி மைதானத்தைச் சுற்றவிடுவார்கள். ஒரு வருடத்து ஓட்டத்தை ஆறு கிழமையில் ஓடி முடிக்கவேண்டும். அதில் தப்பிப் பிழைத்தவர்கள் கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று மேலே மேலே போவார்கள். மேலே போகப் போகக் கோப்பை பெரிசாகும், பிள்ளைக்கு ஓய்வு குறையும். காரைக்கூட இப்படி ஓட்டினால் கராஜ்காரன் ஏசுவான்.

தமயந்தி வந்தது அப்படிப்பட்ட ஒரு வருடத்தில். வலய மட்டம் முடிந்து மாகாணப் போட்டிக்குக் காத்திருந்த நேரம். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை, பதினைந்து வயது. அவளை ஒரு சனிக்கிழமை காலையில் எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தவர் மனோகரன் சேர். கண்டி நகரத்தில் பேர்போன ஒரு பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர். வலயப் போட்டியில் அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மாகாணத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த வருடம் தங்கள் பாடசாலையில் ஹொஸ்டலோடு இடம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். தோட்டத்துப் பாடசாலையில் சயன்ஸ் படிக்க வழியில்லை. அந்தப் பிள்ளைக்குச் சயன்ஸ் படிக்கவேண்டும். ஓட்டத்தில் அவளுக்கு அப்படியொன்றும் மோகம் கிடையாது. ஓடினால்தான் கதவு திறக்கும் என்றார்கள், ஓடினாள்.

படியில் அவள் பக்கவாட்டாக இறங்கினாள். ஒரு கை கம்பியில். வாயெல்லாம் சிரிப்பு. மேடம் பேனையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து இடது என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"எங்கம்மா வலிக்குது?" என்று நான் கேட்டேன்.

"வலிக்கல மிஸ். சேர்தான் சும்மா காட்டிட்டுப் போவோம்னு கூட்டிட்டு வந்தாரு."

மேடம் கேட்டது வேறு. பாடசாலைக்கு எப்படிப் போகிறாய் என்று என்னைக் கேட்கச் சொன்னார். பிள்ளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சேர் சொன்னபடி விடியக் காலையில் தார் ரோட்டில் ஓட்டம். பிறகு லயத்து வீட்டிலிருந்து பாடசாலைக்குப் பள்ளத்தில் நடை. பின்னேரம் மைதானத்தில் ஓட்டம். அது முடிந்து அவ்வளவு தூரமும் மேட்டில் ஏறி வீட்டுக்கு. சனிக்கிழமை கண்டிக்கு வந்து சேரோடு பயிற்சி. ஞாயிறு?

"ஞாயித்துக்கெழம கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவேன் மிஸ், அம்மாவோட."

நான் மனோகரன் சேரைப் பார்த்தேன். "சேர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன மிஸ்? அதுதானே அவளோட பலமே!" என்றார் மனுஷன், பெருமையாக. "இது டவுன் பிள்ளைக கால் இல்ல. மலைக்கால். டவுன் பிள்ளைக்கு ஒரு ரவுண்ட் குடுத்தா இதுகளுக்கு ரெண்டு குடுக்கலாம்."

மலைக்கால்! இந்தச் சொல்லை என் வேலைக்காலத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நானும் மலையில் வளர்ந்தவள்தான். தோட்டத்துப் பிள்ளைகளின் எலும்பைக் கடவுள் இரும்பில் செய்து அனுப்பவில்லை. மற்றவர்களுக்கு இருக்கிற அதே எலும்புதான். வீட்டுச் சாப்பாடு குறைவு என்பதால் சிலவேளை அதைவிட மெலிசு. அவள் மலை ஏறி இறங்கியதே ஒரு நாளுக்குப் போதுமான பயிற்சி. அதைக் கணக்கில் கழிக்கவேண்டிய மனுஷன், பலம் என்று சொல்லி மேலே கூட்டியிருந்தார். தோட்டத்துப் பிள்ளை என்றால் எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் என்ற நினைப்பு நம் ஊரில் நேற்று வந்ததில்லை. படித்த வாத்தியாருக்கும் அது போகவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, இலக்கை எப்படி வைத்தீர்கள் என்று மேடம் கேட்டார். போன வருடம் மாகாணத்தில் முதலாவதாக வந்த பிள்ளை ஓடிய நேரத்தை எடுத்தாராம். அதைவிடக் குறைவாக ஓடவேண்டும் என்று தமயந்திக்குச் சொன்னாராம். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை யார், எத்தனை வருடம் பழகினாள், என்ன சாப்பிட்டாள் என்று எதுவும் தெரியாது. தமயந்தி இப்போது எங்கே நிற்கிறாள் என்பதும் கணக்கில் இல்லை.

மேடத்தின் விரல் அவளுடைய இடது முன்காலில் இறங்கியது. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் பிள்ளையின் சிரிப்பு நின்றது. சத்தம் போடவில்லை. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேடம் விரலை எடுத்தார்.

"பொய் சொல்லாதே" என்றார் தமிழில், மிக மெதுவாக. அப்போதுதான் பிள்ளை அழுதாள்.

அன்று மேடம் அவளுக்கு வைத்த இலக்கு, கம்பியைப் பிடிக்காமல் எங்கள் படிகளில் நேராக இறங்குவது. அதுவரைக்கும் ஓட்டம் கிடையாது, கொழுந்து கிடையாது. அது முடிந்த பிறகு வலியில்லாமல் பாடசாலைக்கு நடை. அதற்குப் பிறகு புல்லில் மெதுவோட்டம். மாகாணப் போட்டி இந்த வருடம் இல்லை. நான் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் மனோகரன் சேர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன மிஸ் இது? படி எறங்குறதுக்கு மாகாணத்துல கோப்பை குடுக்குறாங்களா?"

மேடம் என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. சிரிப்பே போதுமாக இருந்தது.

டொக்டர் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை விரிசல் தொடங்கி முதல் சில கிழமைகளில் படத்தில் தெரியாமல் இருப்பது வழக்கம். எலும்பு தன்னைத் தானே ஒட்டப் பார்க்கும்போதுதான் அடையாளம் விழும். டொக்டரும் அதைச் சொன்னார், மேடமும் சொன்னார், மூன்றாவதாக நானும் சொன்னேன். இரண்டு மூன்று கிழமை கழித்து மறுபடியும் எடுக்கவேண்டும், அதுவரை ஓடவே கூடாது என்றோம். மனோகரன் சேர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் காதில் விழுந்தது ஒன்றும் இல்லை என்ற வார்த்தை மட்டும்தான்.

அடுத்த தடவை தமயந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தது அவளுடைய அப்பா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிக்கு வருவதற்காக ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்திருந்தார். மகளை வெளியே வாங்கில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மிஸ், ஓடாட்டி ஹொஸ்டல் இல்லங்குறாரு சேர். இவ படிச்சா எங்க வீட்டுல மொத ஆளு. நீங்க நம்ம ஆளு, ஒளிக்காம சொல்லுங்க. ஓடலாமா, கூடாதா?"

"கூடாதுங்க. இந்த வருஷம் ஓடுனா கால் போயிரும். அடுத்த வருஷம் ஓடலாம்" என்றேன்.

அவர் வெளியே வாங்கில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். "சரிங்க மிஸ். காலு இருந்தாத்தானே மத்ததெல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. மனோகரன் சேர் மோட்டார் சைக்கிளில் லயத்துக்கே போயிருக்கிறார். எக்ஸ்ரேயைக் காட்டியிருக்கிறார். பெரிய டொக்டர் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார், பிசியோக்காரர்கள் எப்போதும் இப்படித்தான் பயங்காட்டுவார்கள் என்றிருக்கிறார். அடுத்த வருடம் இடம் இருக்குமா என்று தன்னால் சொல்லமுடியாது என்றும் சொல்லியிருக்கிறார். தகப்பன் என்ன செய்வார்? வாத்தியார் வீடு தேடி வந்து சொன்னால் தோட்டத்தில் யார் மறுத்துப் பேசுவார்கள்?

இரண்டாவது எக்ஸ்ரே எடுக்கும் நாளுக்கு முன்பே மாகாணப் போட்டி வந்துவிட்டது. அன்று மைதானத்தில் முதலுதவிக் கூடாரத்தில் எனக்குக் கடமை. ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், நடுவில் தமயந்தி. ஓடிப்போய் மனோகரன் சேரைப் பிடித்தேன்.

"என்ன சேர் செய்றீங்க நீங்க?"

அவர் கைப்பையிலிருந்து எக்ஸ்ரே உறையை இழுத்தார். அதைப் போட்டிக்கே கொண்டு வந்திருந்தார்! "பாருங்க மிஸ், ஒண்ணுமில்ல. அப்பாவும் சரின்னுட்டாரு. பிள்ளைட மனச ஒடைக்காதீங்க." 

நடுவர்களிடம் போனேன். ஓடக்கூடாது என்று டொக்டர் கொடுத்த கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். என் கையில் கடிதம் இல்லை, அவர் கையில் படம் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துவக்கு வெடித்தது.

முதல் இரண்டு சுற்றும் அவள் முன்னால்தான் ஓடினாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பிறகு பார்க்கவில்லை; அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது சுற்றில், வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வருகிற இடத்தில், இடது கால் தரையில் பட்டது. அவள் விழுந்தாள். சத்தம் கேட்டது என்று வேலியோரம் நின்றவர்கள் சொன்னார்கள். எனக்கு நான் ஓடியது மட்டும்தான் ஞாபகம்.

எனக்கு முன்னால் மனோகரன் சேர் போய்ச் சேர்ந்திருந்தார். கையில் மருந்து ஸ்பிறே. அதைக் காலில் அடித்துக்கொண்டு அவர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். "எழும்பு, எழும்பு! நடந்தாவது போ. மூணாவது வந்தாப் போதும்!" அந்தப் பிள்ளை எழும்பப் பார்த்தாள். கடவுளே, எழும்பப் பார்த்தாள். கீழ்க்கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நான் அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷனைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் இதைப் பிரசுரிக்கமாட்டார்கள்.

சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்து, பிளாஸ்டர் போட்டார்கள். மாதக்கணக்கில் ஊன்றுகோல். ஹொஸ்டல் இடம் அந்த வருடம் மாகாணத்தில் வென்ற வேறொரு பிள்ளைக்குப் போனது. மேடம் இதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பாடசாலைக்கே நேரில் போனார். வாசலில் காக்கவைத்தார்களாம். பிறகு அதிபர் தேநீர் கொடுத்து, ஒழுங்குவிதி என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம். மனோகரன் சேருக்கு மேலே அதிபர், அதிபருக்கு மேலே பழைய மாணவர்கள், எல்லாருக்கும் கோப்பை வேண்டும். அவருக்கும் அழுத்தம் இருந்திருக்கும் என்று சில பேர் என்னிடம் நியாயம் பேசினார்கள். அழுத்தம் அவருக்கு, முறிவு அவளுக்கா? 

பிளாஸ்டர் வெட்டிய பிறகு தமயந்தி மறுபடியும் எங்களிடம் வந்தாள். மேடம் அவளுக்கு வைத்த இலக்கு மாறவில்லை. அதே படிகள்தான். ஊன்றுகோலோடு ஒரு படி, அடுத்த கிழமை டிக்கக். கீழே இறங்கும்போது நோகிற காலை முதலில் வை, மேலே ஏறும்போது நல்ல காலை முதலில் வை என்று நான் தினமும் பக்கத்தில் நின்று சொல்வேன். மழைக்காலம் முழுவதும் அப்படிப் போனது. கம்பியைப் பிடிக்காமல் அவள் நேராக இறங்கி வந்த அன்று, மேடம் மேசையிலிருந்து எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழுந்து நிற்கிறவர் இல்லை.

இன்று தமயந்திக்கு ஒரு மகன் இருக்கிறான். திகனயில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் காசாளர். கல்லாவில் நிற்கிறவர்களுக்குக் கதிரை கிடையாது என்பது அங்கே வழக்கம்; இவள் காலைப் பார்த்துவிட்டு முதலாளி கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறார். சயன்ஸ் படிக்கவில்லை. எப்போதாவது போனில் பேசுவாள். தன் கதையைச் சொல்லி அழுகிறவள் இல்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுகிறேன் போலிருக்கிறது.

இப்போது செயலமர்வுக்கு வருகிறேன்.

மனோகரன் சேருக்கும் தலை நரைத்துவிட்டது. மேடையில் ஏறும்போது இரண்டு பிள்ளைகள் கைகொடுத்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்ததும் பழைய ஆள்தான். இலக்கு பெரிதாக இருக்கவேண்டும், எட்டமுடியாததை எட்டவேண்டும் என்று ஒரு மணித்தியாலம் முழங்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு ஒரு பிள்ளையப் பத்திச் சொல்றேன். ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பிள்ளை. நான் கண்டுபிடிச்ச பிள்ளை. மாகாணப் போட்டியில ஓடிக்கிட்டிருக்கும்போதே கால் ஒடைஞ்சிருச்சு. என்ன செஞ்சா தெரியுமா? எழும்பப் பாத்தா! ஒடைஞ்ச காலோட எழும்பப் பாத்தா! அதுதான் அர்ப்பணிப்பு. அப்படிப் பிள்ளைகள நீங்க உருவாக்கணும்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நஸ்ரின் மட்டும் தட்டவில்லை. அவளுக்கு விஷயம் தெரியும். என்னைப் பார்த்தாள். என் முறை வந்தது.

வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. நான் சபையைப் பார்க்காமல் அவர் பக்கம் திரும்பினேன்.

"எந்தக் கால், சேர்?"

"என்ன மிஸ்?"

"அந்தப் பிள்ளைக்கு ஒடைஞ்சது எந்தக் கால்?"

அவர் சிரித்தார். ஏற்பாட்டாளர்களைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். கை தானாகப் போய் அவருடைய வலது முழங்காலில் உட்கார்ந்தது.

"வலது… வலதுன்னுதான் நெனைக்கிறேன். அதெல்லாம் பழைய கதையில்லயா மிஸ்."

"இடது" என்றேன். "இடது முன்கால். கணுக்காலுக்கு ஒரு சாண் மேல. அவ பேர் தமயந்தி. அவ தானா எழும்பப் பாக்கல, நீங்க எழும்பச் சொன்னீங்க."

நான் பேச்சை அதோடு நிறுத்தினேன். மண்டப வாசலில் நீளமான படிவரிசை ஒன்று இருந்தது. எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன். பாதிப் பேரைப் படியில் இறங்கச் சொல்லி, மீதிப் பேரைக் கீழே நின்று பார்க்கச் சொன்னேன். யாருக்கு எந்தக் கால் நோகிறது என்று வாயைத் திறந்து கேட்காமல் கண்டுபிடிக்கவேண்டும். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன் தன் கூட்டாளியைக் காட்டி, "மிஸ், இவன் வலது பக்கம் பயப்படுறான்" என்றான். சரியாகச் சொன்னான். அவனுக்குப் பழைய சுளுக்கு. அதற்குப் பிறகு அவர்களை நிறுத்தமுடியவில்லை.

எல்லாரும் போய் முடியும்போது மனோகரன் சேர் வெளியே வந்தார். கீழே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விடுமா? கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக, வலது முழங்காலை மடக்காமல் இறங்கினார். மேடையில் அவர் கை எதற்கு வலது முழங்காலுக்குப் போனதென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரிந்த வலி அது ஒன்றுதான்.

பாதிப் படியில் என்னைக் கண்டு நின்றார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மிஸ், இந்த முழங்கால் ஆறு மாசமா இப்படித்தான். அடுத்த மாசம் பழைய மாணவர் நடைபவனி இருக்கு. நான்தான் கொடி புடிச்சு முன்னுக்குப் போகணும். டவுன முழுக்கச் சுத்தணும். அதுக்குள்ள சரியாக்கலாமா?"

என் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நோகிற கால மொதல்ல கீழ வைங்க சேர். இல்ல, அது இல்ல. வலது. ம். நடைபவனிய மறந்துருங்க. மொதல்ல இந்தப் படிய நேரா எறங்குங்க."